பொறுத்துப்போ என்னும் தீர்ப்பு

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் கணவனிடம் அடிபட்ட பெண்ணொருத்தி வாய் திறந்து சொல்லிவிட்டால், அவள் நீதிமன்றப் படியேறுவதற்கு நெடுநாள் முன்னரே அவளுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. முதல் தீர்ப்பைத் தாய் வழங்குகிறாள். அடுத்ததை மாமனும் சித்தப்பனும் திண்ணையில் அமர்ந்து வழங்குகிறார்கள். பின்னர் ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். சில வேளைகளில் காவல் நிலையத்து மேசையும் அதே தீர்ப்பைத்தான் வாசிக்கிறது. பொறுத்துப்போ, பிள்ளைகளின் முகத்தைப் பார், ஆம்பளை என்றால் அப்படித்தான் என்பன அதன் வாசகங்கள். இத்தனை அவைகளிலும் அடித்தவன் விசாரிக்கப்படுவதே இல்லை. அதனை எவரும் குறையாகக் கருதுவதும் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய இழுக்கன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணவாழ்க்கையை அறிந்த 18 முதல் 49 அகவை வரையிலான பெண்களில், இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது 38. பெண் கல்வியிலும் பெண்கள் வேலைக்குச் செல்வதிலும் முன்னிற்பதாகப் பெருமை பேசும் மாநிலம், இந்தக் கணக்கிலும் நாட்டின் சராசரியைத் தாண்டி நிற்கிறது. அதே ஆய்வு தரும் மற்றோர் எண் இன்னும் கொடியது. உடலளவிலோ பாலியல் வழியிலோ துன்புற்ற பெண்களில், இந்தியா முழுவதிலும், உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. 77 பேர் உதவியும் தேடவில்லை. எவரிடமும் ஒரு சொல் சொல்லவும் இல்லை. சொன்னால் கிடைக்கப்போகும் தீர்ப்பு இன்னதென்று முன்கூட்டியே அறிந்தவர்கள் சொல்லாமல் இருப்பதில் வியப்பென்ன?

எலும்பு முறிந்தால்தான் கொடுமை, இரத்தம் கண்டால்தான் வழக்கு என்று எண்ணிப் பழகிவிட்டோம். 2005-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. உடலை வருத்துவது, பாலியல் துன்பம் தருவது, சொல்லாலும் செயலாலும் உள்ளத்தை ஒடுக்குவது, பொருளைப் பறித்து முடக்குவது என நான்கையும் அது குடும்ப வன்முறை என்றே வரையறுத்தது. குழந்தையில்லை, ஆண் குழந்தையில்லை என்று பழிப்பதைத் தனியே எடுத்துக்காட்டி இழிவுபடுத்தலுள் சேர்த்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தேனி மாவட்டத்துக்கும் கொண்டுவர நேர்ந்ததை மறவாதவர்கள், இந்த வரி நம் வீடுகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அறிவார்கள். மனைவி மட்டுமல்லள், தாயும், மகளும், உடன்பிறந்தாளும், மணமின்றிக் கூடி வாழ்பவளும் இச்சட்டத்தின் காப்புக்கு உரியவர்களே. முதியோர் உதவித்தொகைக்காக மகனிடம் அறை வாங்கும் தாயும் இதன் கதவைத் தட்டலாம்.

ஏலமலைச் சரிவில் இந்த நான்கு வகைக் கொடுமையும் எந்த உருவில் நடமாடுகிறது என்று பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் சில்லமரத்துப்பட்டி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் போன்ற ஊர்களிலிருந்தும் பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. முந்தல் கடந்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் இறங்கும் அப்பெண்கள் நாள் முழுதும் அட்டைக் கடியிலும் சாரலிலும் குனிந்து ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புகிறார்கள். அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது? கங்காணியிடம் கணவனே நேரில் வந்து வாங்கிச் செல்வானாயின், அல்லது வீட்டு வாசலிலேயே கைநீட்டிக் கணக்குக் கேட்பானாயின், அது குடும்பத் தலைவனின் உரிமை என்று ஊர் சொல்லும். பொருளாதார வன்முறை என்று சட்டம் சொல்லும். 2023 செப்டம்பர் 15 முதல் மாதந்தோறும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையாக வருகிறது. வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறது, ஏ.டி.எம். அட்டை எவர் சட்டைப்பையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம். மகளிர் குழுவில் அவள் கையொப்பமிட்டு வாங்கிய கடனை அவன் செலவழிக்க, தவணையை அவள் மலையேறிக் கட்டுவதும் இவ்வகையே. தாலிக்கொடியை அடகு வைத்த சீட்டு அவளுக்குக் காட்டப்படாமலே இருப்பதும் இவ்வகையே.

பின்னர் கைபேசி. ஜீப்பில் ஏறியதும் அழைப்பு வருகிறது. பக்கத்தில் யார், ஓட்டுநர் யார், படம் பிடித்துக் காட்டு என்கிறது குரல். ஏலக்காட்டின் உட்சரிவுகளில் டவர் கிடைக்காது என்பதை அங்கே வேலை செய்த எவரும் அறிவர். ஆயினும் கிடைக்காமற்போன அந்த நான்கு மணி நேரத்துக்கு மாலையில் அவள் கணக்குச் சொல்ல வேண்டும். சொன்ன கணக்கு நம்பப்படுவதில்லை. அவள் தாயுடன் பேசுவது குறைகிறது. அக்காள் வீட்டுக்குப் போவது நிற்கிறது. நிறம் தூக்கலான சேலை பெட்டிக்குள் போகிறது. ஜீப்பில் சிரித்துப் பேசுவதும் ஒருநாள் நின்றுவிடுகிறது. ஓர் அறைகூட விழாமலே ஒரு பெண் இவ்வாறு சிறுகச் சிறுகச் சிறைப்பட்டுவிட முடியும். இத்தகைய தொடர் அடக்குமுறையைத் தனிக் குற்றமாகவே இங்கிலாந்து 2015-இல் அறிவித்தது. நம் சட்டத்தில் உள்ளத்தை ஒடுக்கும் வன்முறை என்னும் வகைக்குள் இது அடங்கும். நம் மக்களின் மொழியிலோ இதற்கு இன்றும் பாசம் என்றுதான் பெயர். அவருக்கு என் மேல் அவ்வளவு பாசம், அதான் சந்தேகம் என்று சொல்லும் பெண்ணைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தாம். அடித்த மறுநாள் அவன் அழுவதும், அல்வா வாங்கி வருவதும், இனிமேல் தொடமாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வதும் பல வீடுகளில் கொடுமையின் முடிவாக இருப்பதில்லை. அடுத்த சுற்றின் தொடக்கமாகவே இருக்கின்றன.

போடியின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் காய் தரம் பிரிக்கும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். முறத்தில் கை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தியின் மணிக்கட்டைப் பார்த்து, “என்னத்தா இது வீக்கம்?” என்று கேட்பாள் பக்கத்தில் இருப்பவள். “வெறகு ஒடிக்கயில பட்டுருச்சுக்கா” என்று பதில் வரும். கேட்டவளுக்கு அது விறகில்லை என்று தெரியும். சொன்னவளுக்கும் அவள் நம்பவில்லை என்று தெரியும். பேச்சு வேறு திசைக்குப் போகும். அதே பதிலை அவள் அரசு மருத்துவமனையிலும் சொல்கிறாள், கணவன் கதவருகே நிற்க. மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று எழுதுகிறார். இரண்டாண்டு கழித்து அவள் நீதிமன்றத்தை நாடும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவேட்டின் நகலாக, அதாவது ஏ.ஆர். காப்பியாகத்தான் இருக்கும். ஆகவே பெண்களுக்கு ஒன்று சொல்வோம்: வழக்குப் போடும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்; அடித்தது யார், எதனால் அடித்தார் என்பது பதிவேட்டில் ஏறட்டும். மருத்துவர்களுக்கும் ஒன்று: கணவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். வன்முறைக்கு ஆளானவள் கேட்டால் சிகிச்சை அளிப்பது மருத்துவமனையின் கடமை என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டமே விதிக்கிறது. காவல்துறைப் புகார் இல்லை என்பது அவளைத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது.

எல்லாக் கொடுமைகளும் ஒரே அளவில் ஆபத்தானவை அல்ல. சில அறிகுறிகளைக் கண்டால் ஒருநாள்கூடக் காத்திருத்தல் தகாது. கழுத்தை நெரித்தல் அவற்றுள் முதன்மையானது. தழும்பு தெரியாமல் போகலாம். அவளும் அதைப் பெரிதாகச் சொல்லாமல் விடலாம். ஆனால் ஒருமுறை கழுத்தில் வைத்த கை, கொலைவரை செல்லக்கூடிய கை என்று உலகெங்கும் இத்துறை அறிந்தோர் எச்சரிக்கிறார்கள். அரிவாளைக் காட்டி மிரட்டுவது, கருவுற்றிருக்கும்போது அடிப்பது, நீ போனால் நான் செத்துவிடுவேன், பிள்ளைகளையும் விடமாட்டேன் என்று சொல்வது ஆகியனவும் அத்தகையனவே. அவள் வீட்டைவிட்டு வெளியேற முற்படும் நாளும் அதன்பின் வரும் வாரங்களுமே ஆபத்து மிகுந்த காலம் என்பதையும் உணர வேண்டும். கோபத்தில் வாசலில் நின்று, இதோ போகிறேன் என்று அறிவித்துவிட்டுக் கிளம்புவது துணிவு போலத் தோன்றும், அது காப்பாகாது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் புகைப்படம் ஆகியவற்றின் நகலை நம்பிக்கைக்கு உரிய ஒருவரிடம் முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். காயத்தின் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டுத் தன் கைபேசியிலிருந்து அழித்துவிடலாம். ஒரே ஓர் எண்ணையாவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பறிக்கப்படும் முதற்பொருள் கைபேசிதான்.

குடிதான் காரணம், குடியை நிறுத்திவிட்டால் அவன் தங்கம் என்னும் சமாதானம் நம் பகுதியில் வலுவானது. குடியின் பங்கை நாமும் மறுக்கவில்லை. அடிக்கடி குடிபோதைக்கு ஆளாகும் கணவர்களின் மனைவியரில் நூற்றுக்கு 70 பேர் உடலளவிலோ பாலியல் வழியிலோ வன்முறையைச் சந்தித்ததாக முற்கூறிய ஆய்வே சொல்கிறது. ஆனால் அதே அட்டவணையில், குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரிலும் நூற்றுக்கு 23 பேர் அவ்வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அன்றியும், மூக்குமுட்டக் குடித்தவன் மதுக்கடை விற்பனையாளரை அடிப்பதில்லை. எஸ்டேட் மேலாளரை ஏசுவதில்லை. பேருந்தில் நடத்துநரிடம் பணிவாகவே சில்லறை கேட்கிறான். யாரை அடித்தால் கேள்வி வராது என்பதை எந்தப் போதையும் அவனுக்கு மறக்கடிப்பதில்லை.

படித்த, வசதியுள்ள வீடுகளில் இவையெல்லாம் இல்லை என்று எண்ணுவோர்க்கு அண்டை மாநிலத்து வழக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 2021 ஜூன் மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், சாஸ்தாங்கோட்டை அருகே, ஆயுர்வேத மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளம்பெண் கணவன் வீட்டில் உயிரிழந்தார். கணவர் மோட்டார் வாகனத் துறை அலுவலர். வரதட்சிணையாக வந்த கார் தம் மதிப்புக்கு ஏற்றதில்லை என்பது அவர் மனக்குறை. அடிபட்ட முகத்தின் படங்களையும் குறுஞ்செய்திகளையும் அப்பெண் உறவினருக்கு அனுப்பியிருந்தார். இடையில் தாய்வீட்டில் தங்கியிருந்து, பின் கணவனுடன் திரும்பிச் சென்றிருந்தார். கணவர் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2022 மே மாதம் கொல்லம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. நாம் கவனிக்க வேண்டியது அந்தத் திரும்பிச் செல்லலைத்தான். கொடுமைக்கு ஆளான பெண்கள் ஒரே முறையில் விலகிவிடுவதில்லை. பலமுறை போகிறார்கள், பலமுறை திரும்புகிறார்கள். பிள்ளை, பணம், அச்சம், ஊர்ப்பேச்சு, விட்டுப்போகாத அன்பு என ஒவ்வொரு முறையும் ஒன்று அவர்களை இழுக்கிறது. போன மாதம்தானே அழைத்து வந்தோம், மறுபடியும் அவனோடு போனாளே, இனி எங்களுக்கென்ன என்று உறவினர் கைவிடும் இடத்தில்தான் பேரிழப்புகள் நேர்கின்றன.

இனி, நம் ஊரில் பெருவழக்காய் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றி. புகார் வந்ததும் இருதரப்பையும் அழைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று கணவனிடம் எழுதி வாங்கி, மனைவியை அவனுடனேயே அனுப்பிவைப்பது. ஊர்க்கூட்டமும் இதைச் செய்கிறது, காவல் நிலையமும் செய்கிறது. புகாரைப் பெற்றதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். எண் கிடைக்கும், சில வேளை அதுவும் கிடைக்காது. குடும்பத்தைப் பிரிக்காமல் சேர்த்துவைத்தோம் என்ற நிறைவு எல்லோர்க்கும் உண்டு. அந்தத் தாளின் மதிப்பு என்ன? அவன் மறுவாரம் அடித்தால், அந்தத் தாளை மீறியதற்காக அவனுக்குத் தண்டனை ஏதுமில்லை. மீண்டும் புகார், மீண்டும் அழைப்பு, மீண்டும் ஒரு தாள். இதற்கு மாறாக, 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணை உண்டு. அடிக்காதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, தொலைபேசியில் தொல்லை செய்யாதே, அவள் நகையை விற்காதே என்று அது பெயர் சொல்லிக் கட்டளையிடும். அதை மீறுவதே தனிக்குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், பிணையில் விடுவதற்கு உரிமையில்லாத குற்றம். இந்த ஆணையைக் கோரும் உரிமை அவளுக்கு உண்டு என்பதை ஒவ்வொரு காவல் நிலையமும் புகார் தரும் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. இதுவும் சட்டத்தில் எழுதப்பட்ட கடமையே. சொல்லாமல் விடுவதைக் கருணை என்று அழைக்க முடியாது.

அந்த ஆணையைப் பெறும் வழி கடினமன்று. அச்சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ நடுவரிடம் மனுச் செய்யலாம். முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்கவும், மனுவை 60 நாளுக்குள் முடிக்க முயலவும் சட்டம் பணிக்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் நீள்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவசரநிலையில் எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால ஆணை வழங்க நடுவர்க்கு அதிகாரம் உண்டு. வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையும் அவளுக்கு உண்டு. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு இங்கே என்ன பாத்தியதை என்னும் வழக்கமான வாதத்துக்கு, அவள் வாழ்ந்த கூட்டுக்குடியிருப்பு கணவனின் உறவினர்க்குச் சொந்தமானதாகவும் இருக்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடையளித்துவிட்டது. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் தடையாகாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் எவ்வளவானாலும் பெண் என்னும் ஒரே காரணத்தால் இலவசச் சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

இச்சட்டங்கள் தவறாகப் பயன்படுகின்றன என்ற முணுமுணுப்பு இவ்விடத்தில் எழும். பொய் வழக்குகள் எந்தச் சட்டத்தின்கீழும் வரக்கூடும். அதற்காகவே, கணவன் வீட்டுக் கொடுமைக்கான பழைய 498-ஏ பிரிவு வழக்குகளில் உடனடிக் கைது கூடாது, காரணத்தை எழுதிவைத்த பின்னரே கைது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. 2024 ஜூலை முதல் அப்பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளாக இருக்கிறது. பாதுகாப்பு ஆணையோ எவரையும் சிறைக்கு அனுப்புவதற்கில்லை. அடிக்காமல் இருப்பவனுக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. வாய் திறவாத 77 பேரை மறந்துவிட்டுப் பொய் சொல்லக்கூடிய ஒருத்தியைப் பற்றியே பேசும் ஊர், எதையோ காக்க முனைகிறது. அது நீதி என்று நாம் நம்பவில்லை.

நம் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வீடு தேனி மாவட்டத்தில், வேலை இடுக்கி மாவட்டத்தில். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், தங்கி வேலை செய்யும் குடும்பங்களுக்கோ வீடும் வேலையும் ஒருசேர அங்கே; குடும்ப அட்டையும் உறவும் இங்கே. அடி அங்கே விழுந்தால், இது கேரளத்து எல்லை, அங்கே போய்ச் சொல்லம்மா என்று இந்தப் பக்கம் சொல்லக்கூடும். நீ தமிழ்நாட்டுக்காரி, உன் ஊரில் புகார் கொடு என்று அந்தப் பக்கம் சொல்லக்கூடும். இரண்டுமே சட்டப்படி பிழை. பாதிக்கப்பட்டவள் நிலையாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடம், அவள் வேலை செய்யும் இடம், எதிராளி வசிக்கும் இடம், கொடுமை நடந்த இடம் ஆகிய இவற்றுள் எந்த இடத்து நடுவரிடமும் மனுச் செய்யலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பிறக்கும் ஆணை இந்தியா முழுதும் செல்லும். உடும்பன்சோலையில் அடிபட்டவள் போடிக்கு வந்து தாய்வீட்டில் தங்கியிருந்தால் போடி நடுவர் மன்றமே அவளுக்குப் போதும். காவல்துறைப் புகாரையும், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வாங்கிப் பதிய வேண்டும் என்பதே 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. போடிமெட்டுச் சோதனைச் சாவடி லாரிகளை நிறுத்தலாம். அடிபட்டவளின் புகாரை நிறுத்த அதற்கு அதிகாரமில்லை.

லயத்துப் பெண்ணின் நிலை இன்னும் இடுக்கண் மிக்கது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பெயர்ப்பதிவு பெரும்பாலும் கணவனுக்கு. அவனை விட்டு விலகினால் கூரை போகும். கூரை போனால் வேலையும் போகக்கூடும். அடுத்த வாசலில் இருப்பவர்கள் அவன் உறவினர். இத்தகையவளுக்கு, அதே தரத்தில் வேறு இருப்பிடமோ அதற்குரிய வாடகையோ தருமாறு கணவனுக்கு ஆணையிட நடுவரால் முடியும். அதனினும் விரைவாக உதவக்கூடியவர் தோட்டத்து மேலாளர். அவளுக்கென்று தனி அறையும் தனிக் கூலிக் கணக்கும் தர அவர் ஓர் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏலக்காய் விலை ஏறிய ஆண்டுகளிலும் இறங்கிய ஆண்டுகளிலும் அப்பெண்களின் முதுகின்மீதே தோட்டங்கள் நடந்தன என்பதை முதலாளிமார் எண்ணிப் பார்க்கட்டும்.

உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அதே எண். உயிருக்கு ஆபத்தெனில் 112. குழந்தையும் அடிபடுகிறதெனில் 1098. போடியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இயங்குகிறது. அத்தகைய நிலையங்களை 1992-இலேயே தொடங்கியது நம் மாநிலம். மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குமிடம், மருத்துவம், சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை ஆகியவை ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். சில நாள் தங்கிச் சிந்திக்கவும் இடமுண்டு. அங்கே போவதால் வழக்குத் தொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அவள் அழைக்காவிட்டால் அவளைச் சுற்றியுள்ளவர் அழைக்கலாம். குடும்ப வன்முறை நடப்பதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் எந்த வழக்கும் வாராது என்பது சட்டத்தின் நான்காம் பிரிவு. ஜீப்பின் ஓட்டுநர், கங்காணி, அங்கன்வாடி ஊழியர், கிராமச் செவிலியர், குழுவின் ஊக்குநர் ஆகிய இவர்களே அவளைத் தினமும் காண்பவர்கள். ஆயினும் ஓர் எச்சரிக்கை. கணவனை மடக்கிக் கேட்டுவிடுகிறேன் என்று மார்தட்டிக் கிளம்பும் நல்லவர்கள் பலர். அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையை அன்றிரவு அவள்தான் வாங்குகிறாள். அவளைத் தனியே கண்டு, நீ சொல்வதை நம்புகிறேன், தவறு உன்னுடையதன்று, என்ன செய்வதென்று நீயே முடிவு செய், நான் கூட வருகிறேன் என்று சொல்வதே உதவி. மகளை வளர்த்தவர்களுக்கும் இதுவே: வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது என்ற ஒரு வாக்கியம் எந்தச் சட்டத்துக்கும் முன்னே ஓடிச் சென்று காக்கும்.

அரசு செய்ய வேண்டியதைச் சொல்லாமல் ஊரை மட்டும் கடிந்துகொள்வது முறையன்று. பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரில் அமர்ந்திருக்கிறார். குரங்கணியிலிருந்தோ கொட்டகுடியிலிருந்தோ ஒருத்தி தேனிக்குச் சென்று திரும்ப ஒரு நாள் கூலி போகும்; எங்கே போனாய் என்ற கேள்விக்கும் அவள் விடை வைத்திருக்க வேண்டும். தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்குமாறு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. போடிநாயக்கனூர் ஒரு தாலுகா. இங்கே அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஜீப் நிறுத்தங்களிலும், நியாயவிலைக் கடைகளிலும், கிட்டங்கி வாசல்களிலும் எழுதப்பட வேண்டும். ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கும் முன்பே அரசு அலுவலகங்கள் பூட்டப்பட்டுவிடுகின்றன; ஆகையால் வாரத்தில் ஒரு மாலையாவது, தோட்ட வேலை இல்லாத ஒரு நாளிலாவது, அவர் போடியில் இருந்து மனு வாங்க வேண்டும்.

இடுக்கியோடும் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. கூடலூருக்கு மேலே, இரு மாநில எல்லையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலின் சித்திரா பௌர்ணமி விழாவுக்காக ஆண்டுதோறும் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் ஒன்றாக அமர்ந்து, எத்தனை ஜீப், எந்த வழி, யார் காவல், எங்கே குடிநீர் என்று முடிவு செய்கிறார்கள். அரசவைக்கே சென்று நீதி கேட்ட ஒருத்திக்காக ஒரு நாள் கூடும் அந்த மேசையில், ஆண்டு முழுதும் அதே மலையேறும் பெண்களின் புகார்களையும் வைக்கலாம். எல்லைகடந்து வரும் புகாரை எந்த நிலையம் பதிவது, ஒரு பக்கத்து நடுவர் ஆணையை மறுபக்கத்துக் காவல்துறை எத்தனை நாளில் அவன் கையில் சேர்ப்பது, தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறும் பெண்ணுக்கு இரவு தங்க எல்லைக்கு இருபுறமும் இடம் எது என்று மூன்றே வினாக்கள். இரு மாவட்டச் சமூகநல அலுவலர்களும், தொழிலாளர் துறையினரும், எல்லையோரக் காவல் ஆய்வாளர்களும் அமர்ந்தால் ஒரு நாளில் விடை எழுதிவிடலாம். அடுத்த காய் எடுப்புப் பருவம் தொடங்கும் முன்னர் அக்கூட்டத்தைக் கூட்டுமாறு இரு ஆட்சியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.